பின்கட்டு – 9: 4873-ஆம் கதவு

2020 கோடைக்காலம். அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் அவருடைய சகா ஜஸ்டின் கார்ட்னரும் பேபால் நிறுவனத்தின் மென்பொருளைத் துருவிக்கொண்டிருந்தார்கள். திருட்டு வேலை இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பணம் தரும் பரிசுத் திட்டத்தை அந்த நிறுவனமே நடத்துகிறது. அப்போது கிட்ஹப்பில் ஒரு நிரல் கார்ட்னரின் கையில் சிக்கியது. பேபாலின் உள்வேலைக்காக எழுதப்பட்டது, எப்படியோ வெளியே வந்து கிடந்தது.

பிர்சானின் கண் போனது நிரலின் மேல் அல்ல, கூடவே இருந்த 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பின் மேல். இந்த மென்பொருளை ஓட்ட வேறு என்னென்ன சாமான்கள் வேண்டும் என்று எழுதிவைக்கிற மளிகைப் பட்டியல் அது. இட்லிக்கு மாவு அரைக்காமல் கடையில் பாக்கெட் வாங்குவதுபோல, இன்றைய நிரலாளர் யாரும் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை, பேக்கேஜ்களாக எடுத்துக்கொள்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் அதற்கான பொதுக் கடை என்பிஎம். அந்தப் பட்டியலில் சில பெயர்கள் என்பிஎம்மில் எல்லாரும் அறிந்தவை. மற்றவை அங்கே இல்லவே இல்லை. நிறுவனத்தின் சொந்தக் கிடங்கில் மட்டும் இருப்பவை.

அதே பெயரில் நாமே ஒரு பேக்கேஜைப் பொதுக் கடையில் வைத்தால் என்ன ஆகும்?

வைத்தார். பதிப்பு எண்ணை மட்டும் வேண்டுமென்றே உயர்த்தி வைத்தார். உள்ளே சின்ன நிரல்: நிறுவப்பட்ட கணினியின் பெயர், பயனர் பெயர், கோப்புறை ஆகியவற்றை டிஎன்எஸ் கேள்வியாக மாற்றி பிர்சானுக்கு அனுப்பும். எந்த இணையதளம் எங்கே இருக்கிறது என்று கேட்கிற சாதாரண விசாரிப்புதான் டிஎன்எஸ். நிறுவனத்தின் ஃபயர்வால் காவலாளி அதைத் தடுப்பது அபூர்வம். என்பிஎம்மோடு நிற்காமல் பைத்தான், ரூபி மொழிகளின் பொதுக் கடைகளிலும் அவர் இதைச் செய்தார். ஷாப்பிஃபையின் தானியங்கி அமைப்பு, 'ஷாப்பிஃபை-கிளவுட்' என்ற பெயரில் அவர் ஏற்றிய ரூபி பேக்கேஜை ஏற்றிய சில மணி நேரத்திலேயே தானாக இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள்ளிருந்து அவருக்குப் பதில் வந்தது. 2021 பிப்ரவரி 9-இல் அவர் இதை வெளியிட்டபோது பரிசுத் தொகை மொத்தம் 1,30,000 டாலரைத் தாண்டியிருந்தது.

பொதுக் கடையை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகளின் கதை இல்லை இது. சொந்தக் கிடங்கில் வைத்த பெயர்களே பொறியில் மாட்டின. கிடங்கு இருந்தும் எப்படி மாட்டினார்கள் என்பதைப் பார்க்க, ஒரு கிடங்கைத் திறந்தே பார்த்துவிடலாம்.

சிறிய குழுக்கள் அதிகம் நாடுவது வெர்டாச்சியோ. அலெக்ஸ் கொச்சாரின் என்பவர் 2013-இல் எழுதிய சினோபியா என்ற மென்பொருளின் பராமரிப்பு நின்றுபோனபோது, அதிலிருந்து கிளையாகப் பிரிந்து வளர்ந்தது. பெயர் வைத்தவர்களுக்கு ஓவிய ரசனை இருந்திருக்கிறது. இத்தாலியச் சுவரோவியங்களில் முதலில் இழுக்கும் செங்காவி அடிக்கோட்டுக்குப் பெயர் சினோபியா. வண்ணம் ஏற்றுவதற்கு முன் பூசும் பச்சை கலந்த அடிப்பூச்சு வெர்டாச்சியோ. ஓவியம் முடிந்ததும் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. பின்கட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சர்வருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம்.

மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) வைத்து ஓட்டும் டாக்கர் இருக்கிற கணினியில் இதை ஓடவிட ஒரே வரி போதும். இமேஜ் என்ற அச்சு இறங்கும், அதிலிருந்து கன்டெய்னர் எழும், 4873 என்ற போர்ட், அதாவது கதவு, திறக்கும். பிரவுசரில் பார்த்தால் காலியான கிடங்கு சிரித்துக்கொண்டு நிற்கும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

வழிகாட்டிகளில் முதலில் வரும் அந்த வரியில் 'ஆர்எம்' என்ற இரண்டெழுத்து ஒளிந்திருக்கிறது. கன்டெய்னர் நின்றதும் அதைத் துடைத்து எடுத்துவிடு என்று பொருள். ருசி பார்க்க வந்தவருக்கு அது வசதி. அதே வரியை அப்படியே அலுவலக சர்வரில் ஒட்டி, இரண்டு மாதம் பேக்கேஜ்களை ஏற்றி, ஒருநாள் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் கிடங்கும் போச்சு, சரக்கும் போச்சு. கன்டெய்னர் என்பது வாடகைக்கு எடுத்த பந்தல். நகையை அங்கே பூட்டி வைக்கக் கூடாது. பேக்கேஜ்கள் சேரும் 'ஸ்டோரேஜ்' கோப்புறையையும், விதிகள் எழுதிய 'கான்ஃப்' கோப்புறையையும் வால்யூமாக வெளியே, சர்வரின் சொந்த டிஸ்க்கில் இணைத்துவிட வேண்டும்.

இணைத்த கையோடு அடுத்த ஆள் வந்து நிற்பார்: 'பர்மிஷன் டினைடு'. சர்வரில் அந்தக் கோப்புறையை உருவாக்கியவர் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ஆனால் கன்டெய்னருக்குள் வெர்டாச்சியோ ரூட்டாக ஓடுவதில்லை. பாதுகாப்புக்காக 10001 என்ற எண்ணுள்ள பயனராக ஓடுகிறது. லினக்ஸ் பார்ப்பது எண்ணைத்தான், பெயரை அல்ல. 10001-க்கு அந்தக் கோப்புறையில் எழுத உரிமை இல்லை, அவ்வளவுதான். எரிச்சலில் '777' போட்டு எல்லாருக்கும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டுச் சாவி தொலைந்ததற்காகக் கதவையே கழற்றி வைப்பது மாதிரி. கோப்புறையின் உரிமையை 10001-க்கு மாற்றி எழுதினால் ஒரே கட்டளையில் தீரும்.

இன்னொரு குழப்பம் 'லோக்கல்ஹோஸ்ட்'. இந்தச் சொல்லுக்கு 'நான் இருக்கிற இடம்' என்று அர்த்தம். லேப்டாப்பில் சொன்னால் லேப்டாப். ஒரு கன்டெய்னருக்குள் இருந்து சொன்னால் அந்தக் கன்டெய்னர். பக்கத்துக் கன்டெய்னரில் ஓடும் கிடங்கை லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்ட எழுதும் கம்போஸ் கோப்பில் அதற்கு வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போதாக்குறைக்கு, பேக்கேஜ்களை நிறுவும்போது 'லாக்' கோப்பில் ஒவ்வொன்றும் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பதிவாகும். ஒருவர் தன் லேப்டாப்பில் கிடங்கை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த லாக் கோப்பைக் கவனிக்காமல் குழுவுக்கு அனுப்பினால், மற்ற எல்லாருடைய கணினியும் தன்னிடமே இல்லாத 4873-ஆம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

இனி பிர்சானிடம் திரும்பலாம். வெர்டாச்சியோவின் விதிக் கோப்பு ஒரு பக்கச் சமாச்சாரம். அதில் ஒரு பத்தி இரண்டு நட்சத்திரக் குறியோடு தொடங்கும். எந்தப் பெயராக இருந்தாலும் என்று பொருள். அதன் கீழே 'புராக்ஸி: என்பிஎம்ஜேஎஸ்' என்று ஒரு வரி. கேட்ட பேக்கேஜ் தன்னிடம் இல்லாவிட்டால் கிடங்கு பொதுக் கடைக்கு ஆள் அனுப்பும், வந்ததை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அருமையான வசதி. வம்பு எங்கே என்றால், தன்னிடம் இருக்கிற பேக்கேஜுக்கும் அது பொதுக் கடையில் விசாரித்து, இரண்டு பக்கத்துப் பதிப்புகளையும் ஒரே பட்டியலாகக் கலந்து காட்டும். அலுவலகத்தில் 1.2 இருக்க, வெளியாள் ஒருவர் அதே பெயரில் 99.0 வைத்திருந்தால், பதிப்பை இறுக்கிக் கட்டாத இடத்தில் பெரிய எண் ஜெயித்துவிடும்.

தடுக்கும் வழி வெட்கப்படும் அளவுக்கு எளிது. கம்பெனி பேக்கேஜ்களுக்கென்று ஒரு முன்பெயர் வைத்து, அந்தப் பெயருக்குத் தனிப் பத்தி எழுதி, அதில் புராக்ஸி வரியை எழுதாமல் விட்டுவிட வேண்டும். அந்தப் பத்தி நட்சத்திரங்களுக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக முதலில் பொருந்துவதையே வெர்டாச்சியோ எடுத்துக்கொள்ளும். அதே முன்பெயரை என்பிஎம்மிலும் நிறுவனத்தின் பெயரில் பதிந்து வைத்துவிட்டால் வேறொருவர் அங்கே குடியேற முடியாது. பத்தியை எழுதும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது: இயல்பு நிலையில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். 'மேக்ஸ் யூசர்ஸ்' என்ற இடத்தில் -1 என்று எழுதினால் புதுக் கணக்கு நிற்கும்.

பிரதி எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2016 மார்ச் 22 காட்டியது. கிக் என்ற பெயருக்கான தகராறில் கோபித்துக்கொண்ட அஸெர் கோச்சுலு, என்பிஎம்மிலிருந்து தன் பேக்கேஜ்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார். அதில் 'லெஃப்ட்-பேட்' என்று ஒன்று. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் 11 வரி. அதை நம்பியிருந்த பேபல் என்ற புகழ்பெற்ற கருவி நிறுவ முடியாமல் நின்றது. பேபலை நம்பியிருந்தவை வரிசையாக நின்றன. என்பிஎம் சில மணி நேரத்தில் அந்த 11 வரியைத் திரும்ப ஏற்றியது. ஏற்கெனவே ஒரு பிரதி தங்கள் கிடங்கில் தங்கியிருந்தவர்களுக்கு அதுவரைகூடக் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

அந்த பேபல் திட்டமும் இன்று வெர்டாச்சியோவைப் பயன்படுத்துகிறது, வேறொரு வேலைக்கு. புதுப் பதிப்பு தயாராகும்போது, தன் பேக்கேஜ்களை முதலில் தற்காலிகமாக எழுப்பிய வெர்டாச்சியோவில் வெளியிடுகிறது. பிறகு அங்கிருந்தே அவற்றை இறக்கி, வெளியில் பயன்படுத்துபவருக்கு ஒழுங்காக வேலை செய்யுமா என்று சோதிக்கிறது. ஆங்குலர், ஸ்டோரிபுக் திட்டங்களிலும் இதே பழக்கம். சோதனை முடிந்ததும் கிடங்கைச் சரக்கோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அங்கே வால்யூம் வேண்டாம், 10001 வேண்டாம். அலுவலக சர்வரில் வயிற்றில் அடித்த 'ஆர்எம்' இங்கே அப்படியே இருக்கலாம்.

(அடுத்த வாரம்: டாக்கர் இமேஜ்களுக்கே ஒரு கிடங்கு)