பரணில் உறங்கும் மூச்சுக்கருவி

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் அன்பர் சிலர், விடுமுறை நாட்களில் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சென்று, காற்றுச் சிலிண்டரை முதுகில் தாங்கிக் கடலடியைக் கண்டு வருகின்றனர். 1943-இல் பிரான்சு நாட்டுக் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இது. வாடகைக் கருவியாயின் கரையிலேயே ஒப்படைத்து விடலாம். சொந்தக் கருவி வாங்கியவர்க்கோ, ஊர் திரும்பிய பின்னரே பொறுப்புத் தொடங்குகின்றது. இக்கருவி கடலில் கெடுவதினும் வீட்டுப் பரணில் கெடுவதே மிகுதி.

கேட்டிற்கு முதற்காரணம் உப்பு. சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டுள்ள காற்றை, ரெகுலேட்டரின் முதற்கட்டம், சுற்றியுள்ள நீரழுத்தத்தினும் 10 பார் அளவே மிகுமாறு தணிக்கின்றது. வாயிற் கவ்வும் இரண்டாங்கட்டம் அதனை நாம் இழுக்குந்தோறும் மூச்சாகத் தருகின்றது. வில்சுருள், வால்வு, ரப்பர் வளையம் ஆகியவற்றாலான இவ்வமைப்பில் கடல்நீர் உலர்ந்தால் உப்புப் படிகம் தங்கும். படிகம் வளையத்தைக் கீறும், வால்வை இறுக்கும். பின்னர் நீருக்கடியில் காற்று நில்லாமற் பீறிடலாம். அன்றி இழுக்க இழுக்க வாராமலும் போகலாம்.

ஆதலின் அன்றே கழுவுதல் வேண்டும். திரும்பும் வழியில் நேரே திருமலைக்கு ஏறிவிடுவோர், நனைந்த கருவியை வண்டியிலேயே விட்டுச் செல்வதுண்டு. கருவிக்கு மட்டுமன்றி உடலுக்கும் அது தீங்கு. ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பன்முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழியுமுன் அத்தகைய உயரத்திற்கு ஏறலாகாது.

முதற்கட்டத்தின் தூசி மூடியை நன்கு துடைத்து இறுக மூடிய பின்னரே, நல்ல நீரில் அரைமணி நேரம் ஊறவிடுக. ஊறும்பொழுது இரண்டாங்கட்டத்தின் நடுப்பொத்தானை அழுத்தலாகாது. அழுத்தினால் நீர் குழாய்வழி முதற்கட்டம் வரை சென்றுவிடும். நாமும் ஒருமுறை விளையாட்டாக அழுத்திவிட்டு, முழுக்கருவியையும் பிரித்துத் துடைக்கக் கூலி கொடுத்தோம்! ஆழ்குழாய்க் கிணற்று நீர் கரிப்பாயின், கடைசிக் கழுவலுக்குக் குடிநீரையே கொள்க. உலர்த்துவது நிழலில், நம் பகுதிக் கோடைவெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

சிலிண்டரையும் வெயில் விடாது. 27 பாகையில் 200 பார் இருந்த காற்று, மூடிய காரினுள் 57 பாகைக்குச் சூடேறினால் 220 பார் ஆகிவிடும். சிலிண்டரை முற்றும் காலியாக்கி வைத்தலும் தவறு. சிறிது அழுத்தம் எஞ்சியிருந்தால் ஈரம் உட்புகாது. ஆண்டுதோறும் உட்புறத்தைத் தேர்ந்தவரிடம் காட்டுக. நீரழுத்தச் சோதனை நடந்த நாள் சிலிண்டரின் தோளிற் பொறிக்கப்பட்டிருக்கும். அது காலங்கடந்திருந்தால் காற்றடைக்கத் தரலாகாது.

வாய்ப்பிடி, முகமூடிப் பட்டை, சிலிண்டர் வாயின் ரப்பர் வளையம் ஆகியவற்றை வீட்டிலேயே மாற்றலாம். முதற்கட்டத்தைத் திறப்பது மட்டும் பயின்றவர் பணி. கைத்திறன் உடையவர்க்கே இவ்விடத்தில் கை அரிக்கும், அடக்கிக்கொள்க.

அடுத்த பயணத்திற்குச் சில வாரம் முன்னரே, ரெகுலேட்டரைச் சிலிண்டரிற் பூட்டிக் காற்றைத் திறந்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திப் பாருங்கள். இணைப்புகளில் குமிழி எழுந்தால், பழுது பார்ப்பவரிடம் அனுப்ப அப்பொழுது நாள் இருக்கும்.