பச்சை ஏறிய உருளைக்கிழங்கு... உஷார்!

போன வாரம் தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், தோலில் பச்சை படர்ந்த கிழங்குகளாகப் பார்த்துப் பார்த்துத் தட்டில் போட்டார். "பச்சையா இருக்கிறதுதாங்க இளசு" என்றார். எனக்குப் பகீரென்றது. விஷயத்தைச் சொல்லி, அத்தனையையும் திரும்பக் கொட்ட வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. பச்சை மிளகாய், பச்சைப் பட்டாணி, கீரைக்கட்டு என்று பச்சையைக் கண்டாலே புதுசு என நம்பிப் பழகிய கண் நம்முடையது. உருளைக்கிழங்கில் மட்டும் அந்தக் கணக்கு தலைகீழ்!

இலைக்கு நிறம் கொடுக்கும் பச்சையம்தான், அதாவது குளோரோபில்தான், கிழங்கின் தோலிலும் தெரிகிறது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குப் பச்சையம் எப்படி வந்தது? உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்துப்போன தண்டு. வெளிச்சம் பட்டதும் தண்டின் குணம் விழித்துக்கொள்கிறது. தோலுக்கடியில் மாவைச் சேர்த்து வைத்திருந்த நுண்ணிய அறைகள் பச்சையம் தயாரிக்கும் அறைகளாக மாறிவிடுகின்றன. கிழங்கு வெளியே தெரியாதபடி விவசாயிகள் செடிக்கு மண் அணைப்பது இதற்காகவும்தான். வெயில்தான் பட வேண்டும் என்பதில்லை. கடையில் இரவு பகலாக எரியும் டியூப்லைட் போதும், சில நாட்களில் பச்சை ஏறிவிடும்.

பச்சையம் விஷமில்லை. கீரையில் அதைத்தானே தின்கிறோம்? பச்சையத்தைக் கிளப்பிவிடும் அதே வெளிச்சம், சோலனின், சாகோனின் என்ற இரண்டு நஞ்சுகளையும் தோலருகே பெருக்கிவிடுவதுதான் ஆபத்து. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செடி தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் கசப்பு அது. அதற்கு நிறம் கிடையாது. பச்சை தெரிகிற இடத்தில் அதுவும் கூடியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வேகவைத்தால் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். போகாது. குக்கரில் நான்கு விசில் விட்டாலும் போகாது, எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் முழுதாகப் போகாது.

100 கிராம் கிழங்கில் இந்த நஞ்சுகள் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. நல்ல கிழங்கில் இதைவிட வெகு குறைவாகவே இருக்கும். ஆனால், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 15 மில்லிகிராம் போதும். வரம்பைத் தொட்ட கிழங்கு என்றால் 100 கிராம்கூடத் தேவையில்லை! 1969இல் தெற்கு லண்டனில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 78 மாணவர்கள் வாந்தியும் வயிற்றுவலியுமாகச் சுருண்டார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கோடைப் பருவத்திலிருந்தே மூட்டையில் கிடந்த உருளைக்கிழங்குதான் காரணம். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது, விருந்துகளில் தோலோடு வறுத்துப் போடுகிறார்களே, அந்தச் சின்ன உருளை. நஞ்சு கூடுவது தோலில். சின்னக் கிழங்கில் சதையைப் பார்க்கத் தோல்தான் அதிகம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்காமல் அதைச் சமைக்கவே கூடாது. சிவப்புத் தோல் கிழங்கில் பச்சை கண்ணுக்கே படாது. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். முளைவிட்ட கண்ணில் நஞ்சு இன்னும் அதிகம். இருட்டில் முளைத்த கிழங்கு பச்சையே காட்டாது என்பதால் பச்சை இல்லை என்று மட்டும் நம்பிவிடவும் முடியாது. அடிபட்டு நசுங்கிய கிழங்கும் அப்படியே.

ஓரிடத்தில் சிறு பச்சைத் திட்டு என்றால் தோலைத் தடிமனாகச் சீவி, சுற்றிலும் நன்றாக வெட்டி எறியுங்கள். கிழங்கு முழுக்கப் பரவியிருந்தால் யோசிக்காமல் குப்பைக்கு. சீவிய தோலை மாட்டுக்கான கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், மாட்டுக்கும் அது நஞ்சு. ஜன்னலோரம் தொங்கும் கம்பிக்கூடையிலிருந்து கிழங்கை எடுத்து, காற்றாடும் சாக்கில் போட்டு இருட்டு மூலையில் வையுங்கள். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

குழந்தை "கசக்குதும்மா" என்று பொரியலைத் துப்பினால் தயவுசெய்து அதட்டி ஊட்டாதீர்கள். நீங்கள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தாலோ தொண்டையில் எரிந்தாலோ மொத்தச் சட்டியையும் கொட்டிவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டுப் பிள்ளை வாந்தி எடுத்தால், என்ன சாப்பிட்டது என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். பல மணி நேரம் கழித்தும் வாந்தி தொடங்கலாம். அதற்குள் மதியம் தின்ற உருளைக்கிழங்கை வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.