விசைப்படகு எஞ்சினில் வெப்ப மாற்றியின் பராமரிப்பு

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் புனே. கடற்காற்று எட்டாத இந்நகரம், கடலில் ஓடும் டீசல் எஞ்சின்களுக்கும் பிறப்பிடமாக விளங்குவது வியப்புக்குரியதே. 1946-ல் இங்கு கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தோன்றியது. 1962-ல் கிர்லோஸ்கர் கம்மின்ஸ், அதாவது இன்றைய கம்மின்ஸ் இந்தியா, நிறுவப்பட்டது. நகரை அடுத்த தாபோடியில் ஆல்ஃபா லாவல் நிறுவனம் வெப்ப மாற்றிகளை உற்பத்தி செய்து வந்துள்ளது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கவும் மின்சாரம் உண்டாக்கவும் பயன்பட்ட டீசல் எஞ்சின், படகில் ஏறும்போது ஒரு முக்கிய மாறுதலுக்கு உள்ளாகிறது. அது குளிர்விக்கும் முறையில் ஏற்படும் மாறுதலாகும்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுழலும் தண்டில் வேலையாகக் கிடைக்கிறது. ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பெரும் பகுதியைக் குளிர்நீர் சுமந்து சென்றாக வேண்டும். லாரியில் ரேடியேட்டர் வழியே வீசும் காற்று அந்த வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. படகின் அடியில் அடைபட்டுக் கிடக்கும் எஞ்சின் அறையில் அத்தகைய காற்றோட்டம் ஏது? சுற்றிலும் இருப்பது கடல்நீர். அதை நேரே எஞ்சினுக்குள் செலுத்தினால் இரும்பு அரிக்கும். நீர் சூடேற ஏற அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் கல்போல் படியும். படிவுக்கு அஞ்சி நீரை 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிறுத்தினால், எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமல் டீசலை வீணாக்கும். சிலிண்டரும் விரைவில் தேயும்.

ஆகவே இரு சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. எஞ்சினுக்குள் நன்னீர் சுமார் 80 டிகிரியில் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. கடல்நீர் தனி பம்பினால் உறிஞ்சப்பட்டு மீண்டும் கடலிலேயே விடப்படுகிறது. இவ்விரண்டும் கலவாமல் சந்திக்கும் இடமே வெப்ப மாற்றி. ஓர் உறைக்குள், செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலான மெல்லிய குழாய்கள் கற்றையாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் குழாய்களுக்குள் கடல்நீரும் வெளியே நன்னீரும் ஓடும். கடல்நீரின் அரிப்பைத் தன்மேல் ஏற்றுக் கரைவதற்காகவே ஒரு துத்தநாகக் கோல் பொருத்தப்பட்டிருக்கும். அது பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். அற்பச் செலவுதான், ஆனால் கோல் முற்றிலும் கரைந்த பின் கடல்நீர் குழாய்களையே அரிக்கத் தொடங்குகிறது.

குழாயில் படியும் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறனில் உலோகத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தாழ்ந்தது. எனினும் அடைப்பு உண்டாகும்போது ஓட்டுநருக்கு அது உடனே தெரிவதில்லை. வெப்பநிலையைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், மாற்றிக்குச் செல்லும் நீரைச் சிறுகச் சிறுகக் கூட்டி, குறையை மறைத்துவிடுகிறது. கையிருப்புத் திறன் முழுவதும் தீர்ந்த பிறகே, அதுவும் வலையை இழுக்கும் முழுப் பளுவின்போதுதான், முள் திடீரென ஏறுகிறது. அப்போது படகு கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். கடனுக்கு வாங்கிய டீசலும் பனிக்கட்டியும் வீணாவது ஒருபுறம். பாக் நீரிணையில் எஞ்சின் நின்றுபோன படகை நீரோட்டம் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லவும் கூடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மாற்றியைக் கழற்றிச் சுத்தம் செய்ய இதைவிட ஏற்ற காலம் இல்லை.

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான நிலையில் நீர்த்தொட்டியின் மூடியைத் திறப்பது பெரும் ஆபத்து. முதலில் கடல்நீர் வால்வை மூடி, பின்பு இரு சுற்றுகளின் நீரையும் வடிக்க வேண்டும். இரு முனை மூடிகளையும் கழற்றுமுன், மூடி, உறை, கற்றை மூன்றும் எவ்வாறு பொருந்தியிருந்தன என்று அடையாளமிடுவது அவசியம். கற்றை திரும்பிப் பொருந்தினால் நீர்வழி மாறிவிடும். மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினால் கற்றை வெளியே நகரும். கடல்நீர் நுழையும் முகப்பில் சிப்பி, பாசி, துத்தநாகத் துண்டு ஆகியவற்றோடு பம்பின் ரப்பர் இம்பெல்லரிலிருந்து முறிந்த இதழ்களும் அகப்படலாம். முறிந்த இதழ்களின் எண்ணிக்கைக்கு இணையான துண்டுகள் கிடைக்கும்வரை தேட வேண்டும்.

குழாய்களை நைலான் தூரிகையாலோ வழவழப்பான மரக்குச்சியாலோ, நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில் தள்ளிச் சுத்தம் செய்யலாம். அவசரத்தில் இரும்புக் கம்பியால் குத்துவோர் உண்டு; அது துப்புரவன்று, குழாயைத் துளைக்கும் வேலை. வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் முதலில் அதைச் சோப்புக் கரைசலால் நீக்க வேண்டும். பிசுக்கின் மேல் அமிலம் பயன்படாது. கல்போன்ற படிவுக்கு, உலோகத்தைக் காக்கும் பொருள் சேர்த்து விற்கப்படும் நீர்த்த அமிலக் கரைசல் பயன்படுகிறது. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து திறந்த வெளியில் செய்ய வேண்டிய பணி இது. அலுமினியப் பகுதிகளை அமிலத்தில் இடக்கூடாது. நுரைப்பு அடங்கியதும் கற்றையை எடுத்து, சோடா உப்புக் கரைசலிலும் பின்பு நன்னீரிலும் அலச வேண்டும். மிஞ்சிய அமிலத்தைத் துறைமுக நீரில் கொட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

அடுத்து கசிவுச் சோதனை. நீரில் மூழ்கவைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், ஓட்டையான குழாய் குமிழிகளால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் இரு முனைகளையும் பித்தளை ஆப்பால் அடைத்துவிடலாம். அடைபட்ட குழாய்கள் பலவானால் புதிய கற்றையே சிக்கனம்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் விசைப்படகுகளை ஆய்வு செய்கின்றனர். பதிவுச் சான்றையும் எஞ்சின் எண்ணையும் பார்க்கும்போதே, மாற்றி எப்போது திறக்கப்பட்டது என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வதில் அரசுக்குச் செலவு ஏதுமில்லை. இப்பணிக்குரிய தொழிலாளரை உருவாக்க, கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள மத்திய மீன்வளப் பயிற்சி நிலையம் கடல்சார் ஃபிட்டர் பயிற்சியை அளித்து வருகிறது.

திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையங்கள் புதியனவாக இருக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். நன்னீரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, கடல்நீர் வால்வைத் திறந்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். படகின் பக்கவாட்டில் கடல்நீர் தடையின்றிக் கொட்டுகிறதா என்பதை முதலில் கவனித்து, முழுப் பளுவில் வெப்பமானி காட்டும் அளவைத் தேதியுடன் எஞ்சின் அறைச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த பருவத்தில் ஒப்பிட அது உதவும்.