மசக்கை மனப்பிரமையா?

சில மாதங்களுக்கு முன் நமக்கு வேண்டியவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டு மருமகளுக்கு மூன்றாம் மாதம். கூடத்து மூலையில் பாயில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாக ஒரு வாய்த் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று மாமியாரைக் கேட்டோம். "மசக்கைக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். அன்று மாலையே அப்பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றும்படி ஆயிற்று.

அந்த அம்மாள் கல்நெஞ்சர் அல்லர். தம் தாயார் சொன்னதையே தாமும் சொன்னார். ஆதலால், பரம்பரையாக வழங்கிவரும் சில தப்பபிப்பிராயங்களை இங்கே சற்று ஆராய்வோம்.

ஆங்கிலேயர் இதற்குக் 'காலை நோய்' என்று பெயரிட்டனர். பெயரே பிழை. காலையில்தான் என்பதில்லை, உச்சிப் பொழுதிலும் நடுநிசியிலும் வரும். நம்முடைய 'மசக்கை' என்னும் சொல் வேளை எதையும் குறிப்பிடாதது மெச்சத் தக்கதே. கர்ப்பிணிகள் 10 பேரில் 7, 8 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது. பெரும்பாலும் 6-வது வாரத்தையொட்டித் தொடங்கி, 9-வது வாரத்தில் உச்சமடைந்து, 20-வது வாரத்திற்குள் தணிந்து விடுகிறது. சிலருக்கு வருவதேயில்லை, அதனால் கருவுக்குக் குறை என்று அஞ்ச வேண்டுவதில்லை. வாந்தியைக் கொண்டு ஆணா பெண்ணா என்று நிச்சயிப்பதும் வீண் வேலை.

'வேலைக்குப் பயந்து செய்யும் பாசாங்கு' என்பது கொடிய அபிப்பிராயம். சென்ற நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியர் சிலரே, பிள்ளையை மனம் விரும்பாததுதான் காரணம் என்று சாதித்தனர். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி உண்மையை விளக்கியது. ஜி.டி.எஃப்.15 என்னும் பொருள் கருவிலிருந்து தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து, மூளையில் குமட்டலை எழுப்புகிறது. கருவுறுமுன் அப்பொருள் உடலில் குறைவாயிருந்த பெண்களே அதிகம் வருந்துகின்றனர். குற்றம் மனத்தினுடையது அன்று.

'கர்ப்பிணி மருந்தே தொடலாகாது' என்பர் சிலர். இப்பயத்திற்கு ஆதாரம் உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்னும் மருந்தைக் குமட்டலுக்காக உட்கொண்ட தாய்மார் பலர், கைகால் குறைந்த குழந்தைகளைப் பெற்றனர். 1961-இல் அது அங்கே விலக்கப்பட்டது. எனினும், நன்கு பரிசோதிக்கப்பட்ட மருந்துகள் இன்று உள்ளன. டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். கடையில் கேட்டு அல்ல.

உபாதை இலேசானதாயின், வயிற்றைக் காயவிடாமல் சிறிது சிறிதாக உண்பதும், படுக்கையை விட்டு எழுமுன் கொஞ்சம் பொரி கொறிப்பதும், இஞ்சியும் ஓரளவு உதவும். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று வற்புறுத்துதல் வேண்டா. ஆனால், ஒரு நாள் முழுதும் தண்ணீரும் தங்காமற் போனாலும், சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தாலும், எழுந்தால் தலை சுற்றினாலும், எடை விரைந்து குறைந்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் அது வெறும் மசக்கை அன்று. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிரான்டி, கருவுற்றிருந்தபோது ஓயாத வாந்தியால் மெலிந்து 1855-இல், தமது 38-வது வயதில் மாண்டார். காலஞ்சென்றதற்குக் காரணம் காசநோய் என்று அன்று எழுதினர். கடும் மசக்கையே என்பது பிற்கால வைத்தியர் பலரின் கருத்து.

"நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: பெற்றீர்கள், அம்மா. ஆனால் பெறாமலே போனவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. தேசத்தின் நாளைய பிரஜையைச் சுமப்பவள் நம் வீட்டு மூலையில் கிடக்கும் அப்பெண்ணே. "சும்மா இரு" என்று சொல்லுமுன், "தண்ணீர் தங்குகிறதா, குழந்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்போமாக.