கணக்கில் ஏறாத மரணங்கள்



பொருளாதாரம் சரிந்து வேலையின்மை பெருகினால் மரணமும் பெருகும் என்றே நாம் எண்ணுவோம். ஆய்வுகளோ வேறு விதமாகக் கூறுகின்றன. அமெரிக்காவின் 1972 முதல் 1991 வரையிலான புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் கிறிஸ்டோபர் ரூம், வேலையின்மை கூடிய ஆண்டுகளில் மொத்த இறப்பு விகிதம் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். சாலை விபத்து மரணங்கள் குறைந்தன, தற்கொலைகளோ கூடின.

அப்படியானால், பிழைப்புத் தேடி அயல்நாடு சென்றவனுக்கும் நெருக்கடிக் காலத்தில் ஆபத்து இல்லையா? ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள்.

2007இல் அங்கே வேலையற்றோர் நூற்றுக்கு 8 பேர்; 2013இல் 26 பேர். கட்டடத் தொழில் அடியோடு சரிந்தது. அதை நம்பியிருந்த மொராக்கோ, ஈக்வடார், ருமேனியா நாட்டினர் பெரும் எண்ணிக்கையில் வேலை இழந்தனர்.

ஆயினும், குடியேறியவர்களின் இறப்பு விகிதம் உள்நாட்டாருடையதைவிடக் குறைவாகவே பல நாடுகளில் பதிவாகிறது. காரணம் எளிது. உடல் வலிமை உள்ளவனே ஊரைவிட்டுப் புறப்படுகிறான். பின்னாளில் நோயுற்றோருள் சிலர் தாயகம் திரும்பி அங்கே கண்மூடுகின்றனர். அம்மரணம் உழைத்த நாட்டின் கணக்கில் ஏறுவதில்லை.

அந்த வலிமைதான் எதுவரை தாங்கும்? 2012இல் ஸ்பெயின் அரசு சிக்கனத்தின் பெயரால் ஓர் ஆணை பிறப்பித்தது. குடியிருப்பு அனுமதி இல்லாத வயதுவந்தோருக்குப் பொது மருத்துவ வசதி மறுக்கப்பட்டது. அவசர சிகிச்சையும் மகப்பேற்று மருத்துவமும் மட்டுமே எஞ்சின. அடுத்த மூன்றாண்டுகளில் அம்மக்களின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது எனப் பார்சிலோனா ஆய்வாளர்கள் கணித்தனர். 2018இல்தான் அவ்வுரிமை சட்டப்படி மீண்டது.

சிந்தியுங்கள்! வேலை போனதோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பார்கள். நோய் முற்றுமுன் மருத்துவரைக் காணும் வழி அடைபட்டதே உயிரைக் குடித்தது.

நம் வீடுகள் பலவற்றிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து உழைக்கின்றனர். "சுகமாக இருக்கிறேன்" என்பதே அவர்கள் எப்போதும் சொல்லும் சொல். வேலை குறைந்ததாகச் செய்தி வரும் நாளில் பணம் வருமா என்று கேட்குமுன், "மருத்துவக் காப்பீடு நடப்பில் உள்ளதா? தங்கும் அனுமதி முடிந்துவிடவில்லையே? மாத்திரையை நிறுத்திவிடவில்லையே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.