பெயரே இல்லாத ஃபங்ஷன்: லாம்டாவை எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

2020 மே மாதம். கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட, சென்னைக்கு இனி காய்கறி எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையில் அவசர அவசரமாக ஒரு தற்காலிக சந்தை போடப்பட்டது. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு காய்கறி அங்காடி மீண்டும் திறந்ததும் திருமழிசையில் அதன் வேலை முடிந்தது.

தேவைப்பட்ட இடத்தில், தேவைப்படும் வரை மட்டும். புரோகிராமிங்கிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அதன் பெயர் லாம்டா.

லாம்டா என்றால் என்ன?

ஒரு வேலையைச் செய்யும் கோடைத் தனியே எழுதி, அதற்குப் பெயர் வைத்தால் அது ஃபங்ஷன். பெயரைச் சொல்லி எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேவைப்படும் குட்டி வேலைக்கு, “இதுக்கு எதுக்குப்பா தனியா ஒரு பேரு?” என்று தோன்றும் இல்லையா? அங்கேதான் லாம்டா.

காய்கறிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் பெயர், விலை, எடை. விலைப்படி வரிசைப்படுத்த வேண்டும். பைதானின் சார்ட் கட்டளையிடம் ‘எதைப் பார்த்து அடுக்குவது’ என்று சொன்னால் போதும்:

லாம்டா காய்: காய்.விலை

‘காயைக் கொடு, அதன் விலையைத் தருகிறேன்’ என்பதே இதன் பொருள். நிஜ கோடில் லாம்டா என்ற சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். ‘காய்’, ‘விலை’ போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைக்க பைதான் 3 அனுமதிக்கிறது.

எங்கிருந்து வந்தது?

1930களில் கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸில் இருந்து. அதில் ஃபங்ஷனைக் குறிக்க லாம்டா என்ற கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார். 1958-ல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி வழியாக அது கணினிக்குள் வந்தது. 2011-ல் சி பிளஸ் பிளஸ், 2014-ல் ஜாவா ஆகியவையும் இதைச் சேர்த்துக்கொண்டன.

பைதானில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், லாம்டாவையே தூக்கிவிடலாம் என்று 2005-ல் எழுதினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. 2008-ல் வந்த பைதான் 3-லும் லாம்டா அப்படியே தொடர்ந்தது.

எங்கே சறுக்கும்?

பில்லிங் ஆப் ஒன்றில் தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என மூன்று பட்டன்கள். லூப் ஒன்றுக்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு லாம்டா எழுதுகிறார் புரோகிராமர். தக்காளியை அழுத்தினால் கத்தரிக்காய் விலை வருகிறது. வெங்காயத்தை அழுத்தினாலும் அதே விலைதான். எரர் எதுவும் வராது, பில் மட்டும் தப்பாகப் போகும்.

காரணம் எளிது. லாம்டா எழுதப்படும்போது இருந்த மதிப்பை அது பிடித்து வைத்துக்கொள்வதில்லை. கூப்பிடும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் கடைசிக் காய்க்கு வந்துவிட்டது. மதிப்பை டீஃபால்ட் ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் பிரச்சினை தீரும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். லாம்டா எழுதினால் கோடு வேகமாக ஓடும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஃபங்ஷனும் அதே வேகம்தான். அடுத்து, லாம்டாவுக்குள் தவறு நேர்ந்தால் எரர் செய்தியில் ஃபங்ஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘லாம்டா’ என்றே வரும். பத்து லாம்டா இருக்கும் ஃபைலில் எது சொதப்பியது என்று நள்ளிரவில் தேட வேண்டியிருக்கும்.

எப்போது பெயர் வைக்க வேண்டும்?

ஒரே இடத்தில், படித்ததும் புரிகிற ஒரு வரி என்றால் லாம்டா போதும். இரண்டாவது இடத்திலும் தேவைப்பட்டாலோ, உள்ளே நிபந்தனைகள் சேர்ந்தாலோ பெயருள்ள ஃபங்ஷனாக மாற்றிவிட வேண்டும். லாம்டாவை ஒரு வேரியபிளில் போட்டு அதற்குப் பெயர் சூட்டுவதை, பைதானின் அதிகாரபூர்வ எழுத்துநடைக் கையேடான பெப் 8-ம் வேண்டாம் என்கிறது.

திருமழிசை தற்காலிக சந்தை, அவசரத்துக்குச் சென்னையின் பசியைத் தீர்த்தது. ஆனால் மழை வந்தபோது சேறும் சகதியுமாகி வியாபாரிகள் தவித்தார்கள். தற்காலிக ஏற்பாட்டின் மீது அதிக பாரம் ஏற்றினால் அதுதான் நடக்கும், கோடிலும்.