நைஸ் (ஆங்கிலச் சொல்)

நைஸ் என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ஒரு பெயரடை ஆகும். இனிய, நல்ல, அன்பான என்று இன்று இதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. தேநீர், வானிலை, பக்கத்து வீட்டுக்காரர், கையெழுத்து என எதற்கு முன்னும் இதைச் சேர்க்கலாம். ஆனால் இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதன் பொருள் 'அறிவற்ற' என்பதே. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை நைஸ் என்று சொன்னால் அது பாராட்டாக இருந்திருக்காது.

சொற்பிறப்பு

இலத்தீனில் அறிதலைக் குறிக்கும் வினை 'ஸ்கீரே'. அதனுடன் 'நே' என்னும் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து 'நெஸ்கியுஸ்' ஆயிற்று. அறியாதவன் என்பது பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் இது சுருங்கி, மூடத்தனமான என்ற பொருளில் 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தை அடைந்தது. சயின்ஸ் என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே' வினையிலிருந்து வந்ததே. ஒரே வேரில் அறிவும் அறியாமையும் கிளைத்திருக்கின்றன.

பிரான்சின் கடற்கரை நகரமான நீஸ் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதப்பட்டாலும், அதற்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. அந்நகரின் பெயர் வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பொருள் மாறிய விதம்

மூடத்தனம் என்ற பொருள் மெல்ல விலகி, உணவிலும் உடையிலும் அளவுக்கு மீறி நுணுக்கம் பார்க்கிறவரை இச்சொல் குறித்தது. பின்னர் அந்த நுணுக்கமே நற்குணமாகக் கருதப்பட, 16ஆம் நூற்றாண்டில் 'துல்லியமான', 'நுட்பமான' என்ற பொருள்கள் தோன்றின. 'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. சில்லி என்ற சொல் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. பேறு பெற்ற என்ற பொருளில் தொடங்கி, அசட்டுத்தனமான என்பதில் வந்து நின்றது.

பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியட்டும் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதம் 'நைஸ்' ஆனதன்று என்கிறார் துறவி லாரன்ஸ். கடிதம் நன்றாக எழுதப்படவில்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் கதையே பிசகிவிடும். அது அற்பமான கடிதமன்று, உயிர் போகும் செய்தி அடங்கியது என்பதே அவர் சொல்வது.

ஜேன் ஆஸ்டின் காலத்துக்குள் இச்சொல் தேய்ந்துவிட்டது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நார்த்தாங்கர் அபே நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொன்ன கேதரினை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். நாள், நடை, பெண்கள் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதானா என்பது அவன் கேள்வி. நேர்த்தியும் நயமுமே இதன் முதற்பொருள் என்கிறான் அவன். திருத்த வந்தவனும் தவறாகத்தான் சொன்னான்!

பழைய பொருள் இன்றும் முற்றாக மறையவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பது அழகிய வேறுபாடன்று, நுட்பமான வேறுபாடு. கேலியாகவும் இது வரும். 'நைஸ் மெஸ்' என்பது, நாம் "நல்லா செஞ்சே போ" என்று சொல்வதைப் போன்றது.

ஒத்த சொற்கள்

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாற்றுச் சொல் அமையும். உணவுக்கு டெலிஷியஸ், மனிதருக்குக் கைண்ட், பொழுதுக்குப் பிளசன்ட், துல்லியத்துக்கு ப்ரிசைஸ். தேர்வுக் கட்டுரையில் ஒரே பத்தியில் ஐந்து முறை நைஸ் எழுதுவதைவிட, என்ன நன்றாக இருந்தது என்று எழுதுவது மேல்.

தமிழ்ப் பேச்சில்

தமிழர் பேச்சில் இச்சொல் தனி வழியில் போயிருக்கிறது. 'மாவை நைசாக அரைக்கவும்' என்றால் மிக மென்மையாக என்று பொருள். 'நைசாக நழுவினான்' என்பதில் பிறர் அறியாமல் என்ற பொருள் உண்டு. காரியம் ஆவதற்காகக் குழைந்து பேசுவது 'நைஸ் பண்ணுவது'. இம்மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது நைஸ் என்றே எழுதினால், படிப்பவருக்கு விளங்காது.